வாசல் மண்

முன்னொரு காலம் என்று சொல்லவும் முடியாது, நேற்று என்று சொல்லவும் மனசு வராது. எல்லோர் உள்ளங்கையிலும் ஒரு துண்டு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் ஏரிக்கரைக்குக் கீழே சித்தேரிப்பட்டு என்று ஓர் ஊர் இருந்தது, ஊரில் பச்சையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், அவள் வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்ட ஓர் அன்னக்கூடை இருந்தது, அந்த அன்னக்கூடைக்கு அடியில் அவள் மகன் இருந்தான்.

மகன் என்றால் மகன் இல்லை, மகனுடைய கால். கால் என்றால் காலும் இல்லை, கால் பட்ட தடம். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பச்சையம்மாள் வாசலைச் சாணி போட்டு மெழுகி நிமிர்ந்தபோது, மோனிஷ் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, மெழுகின ஈரத்தில் வலது காலை அழுத்தி ஊன்றி, "யம்மா, ஏரி வரைக்கும் போய்ட்டு ஒரே ஓட்டத்துல வந்துர்றேன்" என்று தாண்டிப் போனான். "ஈரத்துல மிதிக்கிறியே, எருமை" என்று அவள் திட்டினாள். அவன் காதில் விழுந்த கடைசிச் சொல் அதுதான். ஏரியில் பொக்லைன் வைத்து மண் அள்ளின குழியில் மழைத்தண்ணீர் நிரம்பி, முழங்கால் ஆழம் எது, மூன்று ஆள் ஆழம் எது என்று தெரியாமல் ஒரே மட்டமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் அவனைத் தூக்கி வந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகுதான் அவள் வாசலில் அந்தத் தடத்தைப் பார்த்தாள். காய்ந்து, இறுகி, ஐந்து விரலும் அப்படியே, பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சுண்டு விரல்கூட அப்படியே. அன்றைக்குக் கவிழ்த்தது அந்த அன்னக்கூடை. தினமும் விடிந்ததும் லேசாகத் தூக்கிப் பார்ப்பாள். இருக்கும். மூடிவிடுவாள்.

குழி யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். விவசாயிக்கு வண்டல் எடுக்கக் கொடுத்த அனுமதியைக் காட்டி லாரி லாரியாக மண் போனதும், லாரியெல்லாம் சட்டமன்ற உறுப்பினர் தணிகாசலத்தின் மச்சான் பெயரில் ஓடியதும் தெரியும். நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் பட்டவர்கள், கோர்ட்டும் கச்சேரியும் கைவிட்டால், தன் வாசல் மண்ணை ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, அநியாயம் செய்தவன் வீட்டு எதிரே போய் நின்று, அவன் முகத்தைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்லித் தூற்றிவிட்டு வருவார்கள். சொந்த வாசல் மண்ணாக இருக்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் தூசி. பச்சையம்மாள் பதினாறாம் நாளே முந்தானையை விரித்துக்கொண்டு கிளம்பினாள். புருஷன் ஏகாம்பரம் வாசலில் குறுக்கே படுத்துவிட்டான்.

"வேணாம் புள்ள. ரேசன் கார்டுலேர்ந்து நூறு நாள் வேலை வரைக்கும் அவங்க கையில. நாம இந்த ஊர்ல இருக்கணும் இல்ல?"

அவள் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

கரைத்தெரு லோகநாதன் 'சித்தேரிப்பட்டு குரல்' என்று ஒரு முகநூல் பக்கம் வைத்திருந்தான். நல்ல பையன்தான். குழியின் படத்தைப் போட்டு, 'இந்தக் குழி யாருடையது?' என்று கேட்டான். அவனுடைய மாமாவும் இன்னும் நாலு பேரும் அழுகிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் அவனுக்கு வேறொரு படம் கிடைத்தது. தணிகாசலத்தின் மகள் இளவேனில், சென்னையில் தோழியின் கல்யாணத்தில் மஞ்சள் பாவாடை சுழல ஆடிக்கொண்டிருந்தாள். மோனிஷைப் புதைத்த அதே சாயங்காலம். 'ஊரில் பிள்ளைச் சாவு, இளவரசிக்கு ஆட்டம்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டான். அது பற்றிக்கொண்டு போனது. மாநிலம் தாண்டிப் போனது, கடல் தாண்டிப் போனது. அவள் பாவாடையின் விலையைச் சொன்னார்கள், அவளுடைய பல்லைச் சொன்னார்கள், அவள் பாஸ் பண்ணின பரீட்சையைச் சொன்னார்கள், அவளைப் பெற்றவளைச் சொன்னார்கள், இன்னும் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னார்கள். குழியை யாரும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுத் தாட்சாயணி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாருடி யம்மா, நீ மார்ல அடிச்சிக்கினு கெடந்த நேரத்துல இவ குதிச்ச குதிய. நீயும் நாலு வார்த்த எழுது. ஒலகமே எழுதுது, பெத்தவ நீ எழுதக் கூடாதா?"

பச்சையம்மாள் போனை வாங்கி, ஓர் எழுத்தாக, ஓர் எழுத்தாக, வாசல் மெழுகின விரலால் தேடித் தேடி அழுத்தினாள்: உன் வயித்துல ஒண்ணும் தங்கக் கூடாது.

அந்த நேரத்தில், சென்னையில் இளவேனில் தங்கியிருந்த ஹாஸ்டல் வாசலில் 'பொத்' என்று ஒரு கை மண் விழுந்தது.

அதற்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பின்பும் விழுந்தது. யார் எழுதினாலும் எழுதினவர் வாசலிலிருந்து ஒரு கை மண் கிளம்பி, அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே போய் விழுந்தது. ஹாஸ்டல் வார்டன் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தாள், மூன்றாம் தடவை பெட்டியைக் கொண்டுவந்து வெளியே வைத்தாள். தணிகாசலம் காரை அனுப்பி மகளைச் சித்தேரிப்பட்டுக்குக் கொண்டுவந்து, பங்களா மாடியில் விட்டார். மண்ணும் முகவரியை மாற்றிக்கொண்டது. ஹாஸ்டலில் விழுந்ததுகூட அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

எழுதின மறுநாள் பச்சையம்மாள் விடிந்ததும் வழக்கம்போல அன்னக்கூடையைத் தூக்கினாள். தடம் இல்லை. தடம் இருந்த இடத்தில், யாரோ கரண்டி போட்டு வழித்தெடுத்த மாதிரி, சுத்தமாக ஒரு கைக்குழி இருந்தது. அவள் கூடையைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அவள் வாயிலிருந்து போன சொல், போகிற போக்கில் அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்பது அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது.

ஊருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லோர் வாசலிலும் குழி. ஒன்றிரண்டு எழுதினவர்கள் வீட்டில் குழந்தை விளையாடின மாதிரி இருந்தது. வேறு வேறு பெயரில் இராப்பகலாக எழுதின எலக்ட்ரீஷியன் சந்தானம் வீட்டில் படிக்கட்டே அந்தரத்தில் நின்றது, அவன் பெண்டாட்டி ஏணி வைத்து இறங்கினாள். "அடப்பாவி, ராத்திரியெல்லாம் வேலை விஷயம்னியே" என்று அவள் ஏணியின் நடுவில் நின்று கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. மார்கழி பிறந்தது. கோலம் போட வாசல் இல்லை. பெண்கள் பலகையைப் போட்டு, பலகை மேல் கோலம் போட்டு, கோலத்தை மிதிக்காமல் பலகையைத் தாண்டக் கற்றுக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை?

பங்களாவின் பக்கச் சுவரை ஒட்டி மண் மலையாகிக்கொண்டிருந்தது. செம்மண் வந்தது, கரிசல் வந்தது, தென்கோடியிலிருந்து தேரி மணல் வந்தது. துபாயிலிருந்து சுடச்சுடப் பொடிமணல் வந்தது, கனடாவிலிருந்து பனி ஒட்டிய கறுப்பு மண் வந்தது. மண்ணே இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் எழுதினால் பூந்தொட்டி மண்ணும், அதுவும் இல்லாவிட்டால் டைல்ஸ் பெயர்ந்த சிமெண்டுத் தூளும் வந்தது. உயர்நிலைப்பள்ளி வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, மதில் மேல் ஏற்றி நிறுத்தி, "இது வண்டல், இது சரளை" என்று பாடம் நடத்தினார். ரோஜாப் பதியன் வைக்கிறவர்கள் கரிசலில் ஒரு சட்டி கேட்டு வாங்கிப் போனார்கள். வேறு ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் திரும்பும்போது வேனிலேயே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி எழுதினார்கள். பொத். பொத். தூரத்து உரல் சத்தம் மாதிரி அது ஊரின் காதில் எந்நேரமும் இருந்தது. நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

மண் மாடி ஜன்னலின் கீழ்விளிம்பைத் தொட்டது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள்.

தணிகாசலம் முதல் வாரம் இடிந்து போய்த்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் தொலைக்காட்சியில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன விமர்சனம் பண்ணுங்க, அரசியல்வாதி நான் தாங்குவேன், பச்ச மண்ணு அது, அதை விட்டுடுங்க" என்றார். பார்த்தவர்கள் பாதிப்பேர் இரங்கினார்கள், மீதிப்பேர் அதற்கும் மகளைத் திட்டினார்கள், குழியைப் பற்றிக் கேட்க வந்த நிருபர்கூட மைக்கை நீட்டி, "பாவாடை சொந்தக் காசா சார்?" என்றுதான் கேட்டார். மூன்றாம் வாரம் அவர் மாடியிலிருந்து மண்ணைப் பார்த்தார். மண் வியாபாரம் தெரிந்த கண். மச்சானைக் கூப்பிட்டார்.

ஆக, மண்ணை அள்ள 'தூய்மைப் பணித் தொடக்க விழா' என்று ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் கட்டினார்கள். வாசல் குழியை ரொப்ப மண் வேண்டியவர்கள் பணம் கட்டி, டோக்கன் வாங்கி, முன்பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். ஊர் வரிசையில் நின்று பதிந்தது. தன் வாசல் மண்ணைத் தானே விலைக்கு வாங்குகிறோம் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை.

"எங்க வூட்டு மண்ணேதான் வரும்னு இல்ல, எவ வூட்டு மண்ணோ வரும்" என்றாள் தாட்சாயணி. "வந்தா சரி, பள்ளத்துல விழாம நடக்கணுமே."

பச்சையம்மாள் வரிசையில் நிற்கவில்லை. பொக்லைன் வந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். அந்த மலையில் எங்கேயோ அவள் பிள்ளையின் கால் இருக்கிறது. லாரியில் ஏறி, யார் வீட்டுக் குழிக்கோ போய், யார் யாரோ மிதிக்க. விழா அன்று காலையில் ஏகாம்பரம் எழுந்திருக்கும் முன்பே அவள் பங்களாவுக்குப் போனாள். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், சாமான் தூக்கிப் போகிறவர்களோடு சேர்ந்து பின்பக்கம் போய்விட்டாள். மதிலோரம் மண்டியிட்டு, கையால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். எல்லாம் மண்.

"என்னம்மா தேடறீங்க?"

இளவேனில் பின்கட்டுப் படியில் நின்றுகொண்டிருந்தாள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். தலைமுடியில் தூசி படிந்து, புருவம்கூட வெளுத்திருந்தது.

பச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. "என் புள்ளையோட காலு."

அந்தப் பெண் உள்ளே போகாமல் படியை விட்டு இறங்கி, சமையலறை ஜன்னலுக்குக் கீழே, கவிழ்த்து வைத்திருந்த ஒரு பித்தளைத் தாம்பாளத்தின் பக்கத்தில் போய் நின்றாள். பச்சையம்மாள் போய்த் தூக்கினாள். ஐந்து விரலும் இருந்தது. சுண்டு விரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஹாஸ்டல்ல விழுந்தப்பவே பாத்தேன்" என்றாள் இளவேனில். "மத்ததெல்லாம் செதறிடுச்சி. இது மட்டும் முழுசா வந்துது. யாரோடதுன்னு தெரியல. மிதிச்சிடுவாங்களேன்னு, பெட்டியில துணி நடுவுல வெச்சிக் கொண்டாந்தேன்."

"நான் எழுதினதுக்கு வந்துது."

"என்ன எழுதினீங்க?"

பச்சையம்மாள் சொன்னாள். எழுதினது ஒரு தரம், இப்போது சொன்னது ஒரு தரம். சொன்னது எழுதினதைவிடக் கனமாக இருந்தது.

"படிச்சேன். அத மட்டும் ரெண்டு தடவ படிச்சேன்" என்றாள் அந்தப் பெண்.

"அன்னிக்கி உனுக்குத் தெரியுமா? என் புள்ள போனது?"

இளவேனில் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "தெரியும். கல்யாணத்துக்குக் கெளம்பும்போது போன்ல பாத்தேன். யாரோ ஒரு பையன், ஏரியில, பாவம்னு நெனச்சேன். அப்புறம் போய் ஆடினேன். எங்கப்பா மண்ணு எடுக்கற ஏரின்னு தோணவே இல்ல."

பொய் சொல்லியிருந்தால் பச்சையம்மாள் அவளை மன்னித்திருப்பாளோ என்னவோ. உண்மையைச் சொன்னதால் அவளால் மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. தடத்தை அடியோடு பெயர்த்து முந்தானையில் ஏந்திக்கொண்டாள். வீட்டுக்குப் போய்விடலாம். அன்னக்கூடை இருக்கிறது. தினமும் விடிந்ததும் தூக்கிப் பார்க்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முன்பக்கம் மேளம் கேட்டது. வாசலைக் கடக்காமல் வெளியே போக வழி இல்லை. ஊரே திரண்டிருந்தது, லோகநாதன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான், தாட்சாயணி டோக்கனோடு நின்றாள், ஏகாம்பரம்கூட எங்கேயோ கும்பலில் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். தணிகாசலம் கஞ்சி முறுமுறுக்கிற வெள்ளைச் சட்டையில், பொக்லைனுக்குக் கொடியசைக்கக் கையைத் தூக்கினார். தூக்கின கைக்கு நேராகப் பச்சையம்மாள் வந்து நின்றுவிட்டாள். வேண்டுமென்று வந்தது இல்லை. ஆனால் நின்ற பிறகு, எதிரில் அவர் முகம் இருந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் இருந்தது.

"என்னம்மா, டோக்கன் வாங்கலியா?" என்றார் அவர், சிரித்த முகமாக.

முந்தானையில் இருப்பது சொந்த வாசல் மண். அந்த வாசலில் அவளுக்கென்று மிச்சமிருந்ததும் அந்த ஒரு கை மண்தான். தூற்றினால் போய்விடும். தூற்றாவிட்டால் கூடைக்கு அடியில் இருக்கும்; அவளும் கூடையும் தடமும், அவள் உயிரோடு இருக்கிற மட்டும். அவள் குனிந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். சுண்டு விரலை மட்டும் தொட்டாள்.

"கோவிந்தன் மகன் தணிகாசலம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "ஏரியில நீ வெட்டின குழியில என் புள்ள மோனிஷ் செத்தான்."

சொல்லிவிட்டு வாரித் தூற்றினாள்.

மண் உதிரவில்லை. முழுசாகப் போய் அவர் மார்பில் படிந்தது. வெள்ளைச் சட்டையில், இதயத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்ன வலது கால்.

அவர் தட்டிவிட்டார். கையில் மண் ஒட்டியது, தடம் அப்படியே இருந்தது. உடன் இருந்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, தடத்தைப் பார்த்ததும் துண்டை வைத்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். மேளக்காரன் அடித்த கையைத் தோலிலேயே வைத்துக்கொண்டான். அந்த அமைதியில்தான் ஊர் கவனித்தது, பொத் பொத் என்ற சத்தம் நின்றிருந்தது.

"அப்பா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இளவேனில் வாசல்படியில் நின்றாள், இத்தனை நாளும் ஊர் பார்க்காத பெண். "அந்தக் குழி யாருதுப்பா?"

லோகநாதன் ஒரு காலத்தில் கேட்ட கேள்வி. அவன் தூக்கிப் பிடித்திருந்த போன் தானாகக் கீழே இறங்கியது.

தணிகாசலம் மகளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், மார்பைக் குனிந்து பார்த்தார். "உள்ள போம்மா" என்றார். மறுபடியும், இன்னும் மெதுவாக, "உள்ள போ" என்றார். பிறகு அவரே போய்க் காரில் ஏறிக்கொண்டார். அதன் பிறகு அவர் எத்தனை சட்டை மாற்றினாலும், போட்ட கொஞ்ச நேரத்தில் அந்த இடம் லேசாகப் பழுப்பேறி, ஈரம் கசிந்து, ஐந்து விரல் வந்துவிடும் என்றும், மேடையில் நிற்கும்போதெல்லாம் சால்வையை மார்புக்கு இழுத்து மூடிக்கொள்கிறார் என்றும் பின்னாளில் ஊர் பேசிக்கொண்டது. வெயில் காலத்திலும் மூடிக்கொள்வாராம்.

கார் போனதும் பொக்லைன்காரன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். டோக்கன் வைத்திருந்தவர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து மடித்துச் சின்னதாக்கினார்கள். தாட்சாயணி பச்சையம்மாள் பக்கத்தில் வந்து, மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். போகும்போது மலையின் ஓரத்திலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டாள். தன்னுடையதுதானா என்று பார்க்கவில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தர் அள்ளினார். சந்தானம் சட்டையைக் கழற்றி மூட்டையாகக் கட்டினான். யாரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஏகாம்பரம் வந்து, "வா புள்ள" என்றான். "நீ போ, வரேன்" என்றாள். அவன் அவளையும் பங்களாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

இளவேனில் இறங்கி வந்தாள். "இனிமே உங்ககிட்ட அதுவும் இல்லியேம்மா."

"போவ வேண்டிய எடத்துக்குப் போச்சி." பச்சையம்மாள் வெறும் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "எழுதினத அழிக்கச் சொல்றேன், தாட்சாயணி அழிச்சிக் குடுப்பா. சொன்னத எப்பிடி அழிக்கிறதுன்னுதான் தெரியில. நீ ஆடினத என்னால மறக்க முடியாது. நீயும் மறக்காத."

"மறக்க மாட்டேன்."

"தலைக்குத் தண்ணி ஊத்திக்க. புருவமெல்லாம் மண்ணு."

அந்தப் பெண் கையால் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு பின்கட்டுக்குப் போய், காலியாகக் கிடந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

பந்தலுக்காகத் தெளித்த தண்ணீரில் பங்களா வாசல் நெடுக மண் ஊறி, மெழுகினது போல மினுங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கிப் போகக் காய்ந்த வழி ஒன்று இருந்தது. பச்சையம்மாள் அந்த வழியில் போகவில்லை. ஈரத்தின் நடுவில் வலது காலை அழுத்தி ஊன்றி, தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.